கைதவறி வந்த பணம்

நார்த்தாமலை என்னும் பெயர் 'நகரத்தார் மலை' என்பதன் திரிபு என்று கூறுவோர் உளர். பெயர்க்காரணம் எவ்வாறாயினும், சோழர் காலத்தில் இவ்வூர் வணிகர் குழுவினரின் நகரமாக விளங்கியதென்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. விசயாலய சோழீச்சுரத்தைக் காண வரும் மாணவர்கள் இதனையும் நினைவிற் கொள்ளலாம். எண்ணிக் கொடுத்தலும் எண்ணி வாங்குதலும் இம்மண்ணிற்குப் பழகிய தொழில்கள். இன்றோ, முத்துமாரியம்மன் கோயிலின் பங்குனித் திருவிழாவில் தேங்காய், பழம் விற்கும் கடையிலும் கட்டம் அச்சிட்ட அட்டை தொங்குகிறது. கைப்பேசியை அதன்முன் காட்டினால் பணம் நொடியில் போய்ச் சேர்கிறது. தவறும் அதே வேகத்தில் நேர்கிறது.

அத்தகைய கடைக்கார அம்மையார் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, முன்பின் அறியாத ஒருவர் பெயரில் நாலாயிரம் ரூபாய் வந்திருக்கிறது. பின்னாலேயே ஒருவர் போனில் அழுகிறார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அனுப்பியது தவறி வந்துவிட்டதாம். தாம் சொல்லும் வேறொரு எண்ணுக்கு அனுப்ப வேண்டுமாம். அனுப்பட்டுமா?"

நாலாயிரம் அவருக்குச் சில நாள் வருவாய். அனுப்பாவிடில் பாவம், அனுப்பினால் அச்சம். இரண்டும் நியாயமே.

முதற்கண், பணம் மெய்யாகவே வந்ததா என்று பார்த்தல் வேண்டும். குறுஞ்செய்தி சான்றாகாது, அதை எவரும் எழுதி அனுப்பலாம். வங்கிக் கணக்கின் இருப்பே சான்று. பணத்தைப் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதைக் கேட்பவர் பணத்தை எடுக்கவே கேட்கிறார்.

பணம் வந்தது உண்மையாயின், அது நம்முடையதன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72-ஆம் பிரிவில், தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. நேர்மையற்ற எண்ணத்துடன் அதைத் தமதாக்கிக் கொள்வது, 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவின்படி குற்றமுமாகும்.

திருப்ப வேண்டும், சரி, எவருக்கு, எவ்வழியில்? சிக்கல் இங்கேதான். ஏமாற்றுக்காரன் ஒருவன் யாரோ ஒருவரை வஞ்சித்து, அவர் பணத்தை இவ்வம்மையாரின் கணக்கில் விழச்செய்கிறான் என்று கொள்வோம். அழுதவன் அவனே. அவன் சொன்ன எண்ணுக்கு இவர் பணம் அனுப்புகிறார். பறிகொடுத்தவர் காவல் துறையில் முறையிடும்போது, பணம் சென்ற சுவடு நேரே இவர் கணக்கிற்கு வருகிறது. கணக்கு முடக்கப்படலாம், சரக்கு வாங்க வைத்திருந்த கைம்முதலும் அதில் சிக்கிக்கொள்ளும். இரக்கம் காட்டியவருக்கே இந்த இடர்!

ஆதலால் நான் கூறியது இதுவே: அப்பணத்தைத் தொடவேண்டாம். தேதி, தொகை, பரிமாற்றத்திற்குரிய பன்னிரண்டு இலக்க எண் ஆகியவற்றைக் குறித்து வங்கிக்கு மனு எழுதுங்கள். படியில் முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். பணம் எக்கணக்கிலிருந்து வந்ததோ அக்கணக்கிற்கே வங்கி திருப்பட்டும். அழைத்தவரிடம், "உங்கள் வங்கியில் மனுக் கொடுங்கள், நானும் கொடுத்திருக்கிறேன்" என்று சொன்னாற் போதும். அம்மையார் அவ்வாறே சொன்னார். அந்த மனிதர் மறுபடி அழைக்கவில்லை.

வங்கியே தவறுவதும் உண்டு. 2023 செப்டம்பரில் சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவரின் கணக்கில், தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியிலிருந்து ஒன்பதாயிரம் கோடி ரூபாய் வந்து விழுந்தது! நம்பாத அவர், மெய்தானா என்று பார்க்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பினார். எஞ்சியதைச் சிறிது நேரத்தில் வங்கி எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு நவம்பரில் யூகோ வங்கியில் ஏறத்தாழ 820 கோடி ரூபாய் பலர் கணக்குகளில் தவறாக வரவு வைக்கப்பட்டது. பெரும்பகுதி மீண்டது, முழுதும் உடனே மீளவில்லை.

அனுப்பியவர் பக்கம் சொல்லச் சிறிதே உண்டு. கணக்கு எண்ணைச் சரியாகத் தருவது அவர் பொறுப்பு. பெற்றவரின் இசைவின்றி அப்பணத்தை எடுத்துத்தர வங்கி பொதுவாகத் தயங்கும். ஆகவே அன்றே முறையிடல் வேண்டும். தீராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். நெப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் அனுப்புமுன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் முதல் நாளுக்குள் வங்கிகள் அளிக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. நடந்தது தவறன்று, வஞ்சகம் என்று தெரிந்தாலோ, 1930 என்னும் எண்ணுக்கு உடனே பேசலாம்.