வேலை இழந்த ஆசிரியை திறந்த பள்ளிகள்

பென்ஷனைப் பறித்தது மாநில அரசு. பதிலுக்கு ஆயிரக்கணக்கான கறுப்பர்களின் கையில் பேனாவைக் கொடுத்தார் செப்டிமா கிளார்க்.

அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலம் 1956-இல் ஒரு சட்டம் இயற்றியது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் அரசுப் பணியில் நீடிக்க முடியாது என்றது அது. கறுப்பின ஆசிரியர்கள் பலர் உறுப்பினர் என்பதை மறைத்துக்கொண்டார்கள். சார்ல்ஸ்டன் நகர ஆசிரியை செப்டிமா பாயின்செட் கிளார்க் மறைக்க மறுத்தார். அப்போது அவருக்கு வயது 58. 40 ஆண்டுப் பணியும் அதற்கான ஓய்வூதியமும் ஒரே உத்தரவில் பறிபோயின.

அவரைக் கௌரவிக்க ஒரு பெண்கள் சங்கம் விழா எடுத்தது. ஆனால் அவர் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள உறுப்பினர்கள் தயங்கினார்கள். படம் வெளியானால் தங்கள் வேலையும் போய்விடும் என்ற பயம். சட்டத்தை எதிர்க்கலாம் வாருங்கள் என்று 700-க்கும் அதிகமான கறுப்பின ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் போட்டவர்கள் 26 பேர். கல்வி அதிகாரியைப் பார்க்க அவருடன் போனவர்கள் ஐந்து பேர்.

இதைத் தன் வாழ்வின் தோல்விகளில் ஒன்றாகப் பின்னாளில் குறிப்பிட்டார் செப்டிமா. பழியை மற்றவர்கள் மீது போடவில்லை. அவர்கள் தயாராவதற்கு முன்பே தான் அவசரப்படுத்திவிட்டதாகக் கருதினார். மக்களைத் தயார்படுத்துவதே முதல் வேலை என்ற இந்தப் பாடம்தான் அவரது அடுத்த முயற்சிக்கு அடித்தளமாயிற்று.

132 குழந்தைகள், இரண்டு ஆசிரியர்கள்

செப்டிமா பிறந்தது 1898-இல், சார்ல்ஸ்டனில். தந்தை அடிமையாகப் பிறந்தவர். தாய் துணி வெளுத்துச் சம்பாதித்தார். 1916-இல் ஆசிரியர் படிப்பை முடித்த செப்டிமாவுக்குச் சொந்த ஊரின் அரசுப் பள்ளிகளில் இடமில்லை. கறுப்பினக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளில்கூட வெள்ளையர்களே ஆசிரியர்கள். எனவே ஜான்ஸ் தீவுக்குப் போனார்.

அங்கே 132 குழந்தைகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். இருவருக்கும் சேர்த்து மாதச் சம்பளம் 60 டாலர். எதிரே இருந்த வெள்ளையர் பள்ளியில் மூன்றே மாணவர்கள். அங்கிருந்த ஆசிரியைக்கு 85 டாலர். பருத்தி வேலை முடிந்த பிறகுதான் கறுப்பினக் குழந்தைகள் வகுப்பு பக்கம் எட்டிப்பார்ப்பார்கள். மாலையில் பெரியவர்களும் வந்தார்கள். கூட்டத்தில் பேசவும் எழுதிப் படிக்கவும் கற்றுத்தரச் சொன்னார்கள். பின்னாளில் வந்த முதியோர் பள்ளிகளின் விதை அங்கேயே விழுந்துவிட்டது.

1919-இல் சார்ல்ஸ்டன் திரும்பினார். கறுப்பினப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களை நியமிக்கக் கோரி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர்களில் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டே அந்தக் கோரிக்கை நிறைவேறியது. 1945-இல் கொலம்பியா நகரில் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டு நடந்த வழக்குக்கும் துணை நின்றார். சங்கத்தின் சார்பில் வாதாடியவர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல். தீர்ப்பு ஆசிரியர்களுக்குச் சாதகமாக வந்தது.

மளிகைக் கடைக்குப் பின்னால்

வேலை பறிபோனதும் டென்னசி மலைப்பகுதியில் இருந்த ஹைலண்டர் பள்ளி அவரை அழைத்துக்கொண்டது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்டு, ஒரே கூரையின் கீழ் தங்கிப் படித்த இடம் அது. அன்றைய தென் மாநிலங்களில் அதுவே குற்றம். மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்புக்குக் காரணமான ரோசா பார்க்ஸ் 1955 கோடையில் அங்கு பயிற்சிக்கு வந்தபோது வகுப்பு நடத்தியவர்களில் செப்டிமாவும் உண்டு.

இதற்கிடையே ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். தீவுவாசிகளை வேலைக்காகச் சார்ல்ஸ்டனுக்கு ஏற்றிச் செல்லும் பஸ். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. எழுத்தறியாத கறுப்பர்களை வெளியே நிறுத்தி வைக்க அது வசதியாக இருந்தது. போகும் வழியிலேயே பயணிகளுக்கு அந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுத்தார் ஜென்கின்ஸ். சிலர் மனப்பாடமே செய்துவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது உண்மையான படிப்பு.

1957 ஜனவரி 7-இல் தீவில் முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. முன்னால் கூட்டுறவு மளிகைக் கடை. வெள்ளையர் கண்ணில் படாமல் பின்னறையில் வகுப்பு. முதலில் வந்தவர்கள் 14 பேர். பாடம் நடத்த செப்டிமா தேர்ந்தெடுத்தது தன் உறவினரான பெர்னிஸ் ராபின்சனை. அவர் அழகு நிலையம் நடத்தியவர். ஆசிரியர் பயிற்சி பெறாதவர். செப்டிமா விரும்பியதும் அதைத்தான். பயிற்சி பெற்றவர்கள் முதியவர்களைக் குழந்தைகளைப் போல நடத்திவிடுவார்கள் என்று அஞ்சினார். தவிர, ராபின்சனின் வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள். வெள்ளை முதலாளி யாரும் அவர் வயிற்றில் அடிக்க முடியாது.

என்ன கற்க வேண்டும் என்று மாணவர்களையே கேட்டார் ராபின்சன். தங்கள் பெயரை எழுத வேண்டும், மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும், பைபிள் படிக்க வேண்டும் என்றார்கள். அவையே பாடத்திட்டமாயின. அட்டையில் எழுதிய பெயரின் மேல் பென்சிலை ஓட்டி ஓட்டிக் கையெழுத்துப் பழகினார்கள். விவசாய வேலை குறைந்த குளிர்கால மாதங்களில் வகுப்பு நடந்தது. கற்பவரின் மானம் கெடாமல் கற்பிப்பது, அவரது தேவையிலிருந்து தொடங்குவது என்ற இரண்டும்தான் செப்டிமாவின் கல்விமுறை. சமத்துவம் என்பதை அவர் புரிந்துகொண்ட விதமும் அதுவே.

டென்னசி அரசு ஹைலண்டரை மூட முனைந்தபோது, 1961-இல் திட்டம் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்புக்கு மாறியது. ஜார்ஜியாவில் ஆசிரியர் பயிற்சி முகாம்கள் நடந்தன. 1970-க்குள் தென் மாநிலங்களில் ஏறத்தாழ 900 பள்ளிகள் உருவாயின. ஆனாலும் நிர்வாகக் குழுவில் இந்தப் பெண்மணிக்கு என்ன வேலை என்று அமைப்பின் முக்கியத் தலைவர் ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டதை செப்டிமா தன் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். உள்ளூர்த் தலைவர்களை வளர்க்க வேண்டும், எல்லா ஊர்வலங்களுக்கும் கிங்கே தலைமை தாங்க வேண்டாம் என்று அவர் எழுதிய கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தார்கள்.

தாமதமான மரியாதை

1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்து, எழுத்தறிவுத் தேர்வு தென் மாநிலங்களில் நிறுத்தப்பட்டது. செப்டிமாவுக்கான நீதி இன்னும் மெதுவாக வந்தது. 1976-இல்தான் ஓய்வூதியம் திரும்பக் கிடைத்தது. அதற்குச் சற்று முன்பு அவர் சார்ல்ஸ்டன் மாவட்டப் பள்ளிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். 1979-இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் விருது வழங்கினார். 1987 டிசம்பர் 15-இல், 89-வது வயதில், ஜான்ஸ் தீவிலேயே அவர் காலமானார்.

சார்ல்ஸ்டனின் ஒரு விரைவுச் சாலைக்கு இன்று அவர் பெயர். கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளை இடித்துப் போடப்பட்ட சாலை அது. பெயர்ப்பலகை வைப்பது எளிது. ஆபத்து இருந்த காலத்தில் பக்கத்தில் நிற்பதுதான் கடினம். அதைச் செய்தவர்கள் மளிகைக் கடையின் பின்னறையில் பென்சில் பிடித்த அந்த 14 பேர்.