உங்களுக்குத் தெரியுமா? பாட்டி இறக்கிய விமானம்

விமானி உரிமமே இல்லாத 80 வயதுப் பாட்டி ஒருவர், இரட்டை இன்ஜின் செஸ்னா 414 விமானத்தைத் தரையிறக்கினார்! 2012 ஏப்ரல், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம்.

• ஓட்டிவந்த கணவர் நடுவானில் மாரடைப்பில் சரிந்துவிட்டார்.

• இன்னொரு விமானி தன் விமானத்தில் கூடவே பறந்து, ரேடியோவில் வழி சொன்னார். பாட்டி வட்டமடித்துக்கொண்டிருந்தபோதே ஓர் இன்ஜினில் எரிபொருள் காலி!

• தரையில் மோதிய வேகத்தில் மூக்குச் சக்கரம் மடங்கியது. ஓடுபாதையில் உரசிக்கொண்டே போய் நின்றது விமானம். பாட்டிக்கு விலாவிலும் முதுகெலும்பிலும் விரிசல். வேறு பெரிய காயம் இல்லை.

• எப்படிச் சாத்தியம்? சுமார் 30 ஆண்டுகளுக்கு முன், கணவர் வற்புறுத்தியதால் விமானத்தை மேலேற்றவும் இறக்கவும் கற்றிருந்தார். கெட்டிக்காரக் கணவர்!