சந்தோஷம் தாங்காமலும் இதயம் துவளும், தெரியுமா?

மகனின் கல்யாணம். 50 வருடங்களுக்குப் பிறகு நேரில் கண்ட தோழி. பாட்டியாகிவிட்ட பூரிப்பு. இவையெல்லாம் ஒரு பெண்ணை அவசர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றால் நம்புவீர்களா? சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனை கணக்கெடுத்தே சொல்லியிருக்கிறது!

டகோட்சுபோ என்பது அந்த நோயின் பெயர். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தது. பேரதிர்ச்சியோ கடும் நோயோ தாக்கும்போது இதயத்தின் இடது கீழறை திடீரென வலுவிழந்து, ஆக்டோபஸ் பிடிக்கும் ஜப்பானியப் பானை வடிவில் உப்பிவிடுகிறது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இ.சி.ஜி. மாற்றம், எல்லாம் அச்சு அசல் மாரடைப்பு! ஆனால் ஆஞ்சியோகிராமில் அதற்குக் காரணமான அடைப்பைக் காணோம்.

2011இல் இந்த நோய்க்கென்றே சூரிச்சில் ஒரு பன்னாட்டுப் பதிவேடு தொடங்கினார்கள். 2015இல் வந்த அதன் பெரிய ஆய்வில் 1,750 நோயாளிகள். அவர்களில் சுமார் 90 சதவீதம் பெண்கள். சராசரி வயது 67, அதாவது மாதவிடாய் நின்று பல வருடங்கள் ஆனவர்கள்! மறு வருடம் இன்னொரு வியப்பு: உணர்ச்சி வேகத்தால் பாதிக்கப்பட்ட 485 பேரில் 20 பேருக்குக் காரணம் துக்கமல்ல, மகிழ்ச்சி. சில நாளில் தானே சரியாகிவிடும் என்று இதைச் சாதாரணமாக நினைத்த காலமும் உண்டு. உயிராபத்து இதிலும் நிஜம் என்று காட்டியது அதே பதிவேடுதான்.

டகோட்சுபோ மட்டுமல்ல, பெண்களுக்கு மற்ற இதய நோய்களின் ஆபத்தும் மாதவிடாய் நின்றபின் கூடுகிறது. ஏன் இந்த வயதில்? ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை இரத்தக் குழாய்ச் சுவர்கள் நெகிழ்வாக இருக்கின்றன. அது சரியும் வருடங்களில் எல்.டி.எல். கொழுப்பு ஏறுகிறது, வயிற்றைச் சுற்றிச் சதை போடுகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது. இவற்றில் ஒன்றுகூட வலிக்காது! அதுதான் பயங்கரம். பெரிய குழாய்கள் சுத்தமாகத் தெரிந்தாலும் நுண்குழாய்களில் கோளாறு ஒளிந்திருக்கலாம். அதுவும் பெண்களிடமே அதிகம்.

மாரடைப்பு வந்தவருக்கு எவ்வளவு ஆபத்து என்று மருத்துவர்கள் மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முறை ஒன்று உண்டு, கிரேஸ் என்று பெயர். பிரிட்டனிலும் சுவிட்சர்லாந்திலும் 4,20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சூரிச் ஆய்வாளர்கள் அலசினார்கள். பெண்களின் மரண ஆபத்தை அந்த மதிப்பெண் குறைத்தே காட்டிவந்திருக்கிறது! 2022இல் 'லான்செட்' இதழில் திருத்திய முறையை வெளியிட்டார்கள். எத்தனை அம்மாமார் 'ஆபத்து குறைவு' என்ற வரிசையில் காத்திருந்திருப்பார்கள், நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

இதே சூரிச்சில்தான் 1977 செப்டம்பர் 16 அன்று ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இதய இரத்தக் குழாய் அடைப்பை விரிக்கும் உலகின் முதல் பலூன் சிகிச்சையைச் செய்தார். நோயாளி 38 வயது ஆண். அதற்கும் வெகு முன்பே, 1867இல், நதேஷ்தா சுஸ்லோவா என்ற ரஷ்யப் பெண் சூரிச் பல்கலைக்கழகத்தில் மருத்துவ முனைவர் பட்டம் வாங்கினார். அங்கே அப்பட்டம் பெற்ற முதல் பெண். அவர் எதை ஆராய்ந்தார் தெரியுமா? இதயத்தை! தவளைக்கு நிணநீரைத் தள்ளவென்றே தனி இதயங்கள் உண்டு, அவற்றை. ஆண் பெண் வேறுபாட்டை ஆராயும் மருத்துவத்துக்கு அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இருக்கை வந்தது 2024இல்தான். அதில் அமர்ந்தவர் கரோலின் லெர்ச்சென்முல்லர், இதய மருத்துவர்.

எண்பதுகளில் இளம் பெண்களாக ஈழத்திலிருந்து சுவிஸ் வந்த நம் அக்காமார் இப்போது சரியாக மாதவிடாய் நின்றபின் வரும் இந்த வயதில் நிற்கிறார்கள். தெற்காசியருக்குச் சீனி வருத்தமும் மாரடைப்பும் ஐரோப்பியரைவிட இளவயதிலேயே வருகின்றன. பிள்ளைப்பேற்றுக் காலத்தில் பிரஷரோ சீனியோ கூடியிருந்ததா, 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றதா? இருபது, முப்பது வருடம் கழிந்தாலும் இவை இதய ஆபத்துக் கணக்கில் சேரும். குடும்ப மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். நெஞ்சு அழுத்தமோ, தாடையிலும் முதுகிலும் வலியோ, காரணமில்லாத மூச்சிரைப்போ திடீரென வந்தால், சமையலை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இராமல் உடனே சுவிஸ் ஆம்புலன்ஸ் எண் 144ஐ அழையுங்கள்.