ஊவாவில் வாழ்ந்து காட்டிய விசுவாசம்

மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் இயேசு பேசுவது முழுக்க வெளிவேடக்காரர்களைப் பற்றித்தான். வரி வசூலிப்பவர்களோடும் ஊர் ஒதுக்கிவைத்தவர்களோடும் பந்தியில் அமர்ந்தவர், ஊர் மெச்சச் செபித்துக்கொண்டே ஏழையின் தோளில் சுமையை ஏற்றியவர்களிடம் சற்றும் இரக்கம் காட்டவில்லை. யாக்கோபின் திருமுகமும் அதே வழியில் போகிறது. பசித்து வந்தவனுக்குச் சோறு கொடுக்காமல் நல்வாழ்த்து மட்டும் சொல்லி அனுப்புகிறவனின் விசுவாசத்துக்கு அதில் மதிப்பே இல்லை.

கிறிஸ்தவர்கள் சிறு தொகையினராக வாழும் இடங்களில் இந்தப் போதனை அன்றாடச் சோதனையாகிவிடுகிறது. தோட்டத்து லயத்தில் பத்து இந்துக் குடும்பங்களுக்கு நடுவே ஒரு வேதக்காரக் குடும்பம் இருந்தால், அந்தக் குடும்பத்தின் மதத்தைப் பற்றி அண்டை வீட்டார் புத்தகத்தைத் திறந்து தெரிந்துகொள்வதில்லை. சம்பள நாளில் வாங்கிய கடன் திரும்பி வருகிறதா, குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கிற சத்தம் கேட்கிறதா, சாவு வீட்டில் யார் முதலில் வந்து நிற்கிறார்கள் என்பதெல்லாம் மெல்லிய சுவருக்கு அப்பால் தெரிந்துவிடும். மறைக்க இடமில்லாத வாழ்க்கை அது.

ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை என்ற இரு மாவட்டங்களைக் கொண்டது. பதுளையிலிருந்து கிழக்கே போகும் பாதை பசறையில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று லுணுகலை, பிபிலை வழியாக மட்டக்களப்புப் பக்கம் இறங்குகிறது. மற்றது மொனராகலைக்குப் போகிறது. நமுனுகுல மலைச்சரிவின் தேயிலையும் லயங்களும் ஒரு பக்கம், கீழே வெல்லஸ்ஸவின் சேனைகளும் வயல்களும் மறுபக்கம். மேலே பெரும்பாலும் இந்துக்களான தோட்டத் தமிழர். கீழே பௌத்த சிங்களக் கிராமத்தார். இந்த இரு உலகங்களிலும் கிறிஸ்தவம் வந்த விதமே அதன் சாட்சியத்துக்குப் பெரிய தடையாக இருந்தது.

1817இல் வெல்லஸ்ஸவில் வெடித்த கிளர்ச்சியை ஆங்கிலேயர் 1818இல் அடக்கினார்கள். கிராமங்கள் எரிக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன, விளைச்சலும் நீர்ப்பாசனமும் நாசமாயின. நெருப்பு வைத்தவர்களின் மதம் என்றே கீழ் ஊவா கிறிஸ்தவத்தை நினைவில் வைத்துக்கொண்டது. பதுளை நகரத்தில் உள்ள புனித மாற்கு ஆலயம் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது. பதுளையில் உதவி அரசாங்க அதிபர் பணியும் நீதிபதி பணியும் பார்த்த அவர் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று பேர்பெற்றவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். கடவுளின் வீடு இப்படியொருவருக்கு நினைவுச்சின்னமாவது அந்தக் காலத்துக் கிறிஸ்தவம் யார் பக்கம் நின்றது என்பதைச் சொல்லிவிடுகிறது.

மலைத் தோட்டங்களில் கதை வேறு விதமானது. கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்காக 1854இல் ‘தமிழ் கூலி மிஷன்’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. தமிழ் உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்துபோய், பெரட்டுக் களத்திலும் லயத்து வாசலிலும் வேதம் சொன்னார்கள், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்கள். எழுத்து வாசனையே கிடைக்காத ஒரு சமூகத்துக்கு அது சாதாரண உதவியல்ல. எனினும் அந்த மிஷனுக்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் தோட்டத் துரைமார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முழந்தாளிட்ட அதே துரையின் தோட்டத்தில், தொழிலாளியின் கடனை எழுதி அவனை ஒரு கங்காணியிடமிருந்து இன்னொரு கங்காணிக்குக் கைமாற்றும் ‘துண்டு’ முறை நடந்தது. அது 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. துரையின் காசில் ஊழியம் செய்தவர்கள் துரையின் கணக்குப் புத்தகத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது கடினம். உபதேசியின் உழைப்பு உண்மையானதாக இருந்தும், அவர் கொண்டுவந்த செய்தியின் மேல் பங்களாவின் நிழல் விழுந்திருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் தோட்டத் தமிழர் நிலை இன்னும் மோசமானது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று மக்களைத் தொகை தொகையாகப் பங்கிட்டது. 1970களின் நடுப்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பட்டினியில் தள்ளியது. அந்த நேரத்தில்தான் ஊவாவின் கிறிஸ்தவத்தில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது.

அதற்கு முதற்காரணம் லியோ நாணயக்கார. பெனடிக்டைன் துறவியான அவர் 1959 முதல் கண்டி மறைமாவட்ட ஆயராக இருந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்த காலத்து ஆயர்களில் ஒருவர். 1972 டிசம்பரில் கண்டியிலிருந்து ஊவாப் பகுதி பிரிக்கப்பட்டுப் பதுளை தனி மறைமாவட்டமானபோது, பழைமையும் வசதியும் உள்ள கண்டியை விட்டு, ஏழை மறைமாவட்டமான பதுளைக்குத் தாமே விரும்பி வந்தார். பதவியில் மேலே போவதே வழக்கமான நிறுவனங்களில், இறங்கி வந்த ஓர் ஆயரை மக்கள் கவனிக்கத்தான் செய்வார்கள். சிங்களவரான அவர் தோட்டத் தமிழரின் உரிமைக்காகவும் பேசினார்.

பண்டாரவளையில் அவர் தொடங்கிய ‘சேவக செவன’ என்ற பயிற்சி இல்லம் வழக்கமான குருமடத்திலிருந்து வேறுபட்டது. மதில் சுவருக்குள் வருடக்கணக்கில் இறையியல் படித்துவிட்டு மக்களிடம் வருவதற்குப் பதிலாக, கிராமத்திலும் தோட்டத்திலும் மக்களோடு பழகிக்கொண்டே படிப்பது அங்கே முறை. திருச்சபைக்குள் இதற்கு எதிர்ப்பும் இருந்தது. லியோ நாணயக்கார 1982இல் காலமானார்.

இதே காலத்தில் கண்டியில் இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ் 1972இல் ‘சத்தியோதய’ நிலையத்தை ஆரம்பித்தார். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் அங்கே சேர்ந்து வேலை செய்தார்கள். 1974இல் தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகம் உருவாவதிலும் அவர் முன்னின்றார். நாடற்ற மக்களின் பிரச்சினையை எண்களாக மட்டும் பேசிய நாட்டில், பட்டினியையும் வீடில்லாமையையும் ஆவணப்படுத்தி வெளியே கொண்டுவந்த முயற்சிகளில் அது முக்கியமானது.

ஆனால் வாழ்ந்து காட்டுவது என்பதன் எல்லைவரை போனவர் அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கல் ரொட்ரிகோ. 1927இல் பிறந்த அவர் உரோமையிலும் பாரிசிலும் இரு கலாநிதிப் பட்டங்கள் பெற்றவர். புத்தரின் ஞானம் பற்றி ஆழமாக ஆராய்ந்தவர். கண்டியில் குருமட ஆசிரியராக வருடக்கணக்கில் கற்பித்தபின் ‘சேவக செவன’வுக்கு வந்தார். அந்தப் படிப்புக்குப் பெரிய பதவிகள் காத்திருந்தன. 1980இல் அவர் தேர்ந்துகொண்டது மொனராகலை மாவட்டத்தின் புத்தள.

அங்கே ஏறத்தாழ எல்லாருமே பௌத்தர்கள். ஆலயம் கட்டவும், சபை கூட்டவும், ஆட்களைச் சேர்க்கவும் அவர் போகவில்லை. ‘சுப செத் கெதர’ என்று பெயரிட்ட எளிய வீட்டில், சகோதரி மில்பர்கா பெர்னாண்டோ உள்ளிட்ட சிலரோடு குடியிருந்தார். ஊரார் உண்டதை உண்டு, அவர்கள் நடந்த பாதையில் நடந்தார். மூலிகை வைத்தியம், கிராமச் சுகாதாரம், படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைகளுக்கான வகுப்பு என்று வேலைகள் ஒவ்வொன்றாகத் தொடங்கின. கரும்புச் செய்கைக்காகப் பெல்வத்தையில் பெரும் நிலப்பரப்பு கம்பனியின் கைக்குப் போனபோது, நிலமிழந்த விவசாயிகளின் பக்கம் நின்று எழுதினார், பேசினார்.

தொடக்கத்தில் ஊருக்குச் சந்தேகம் இருந்தது. இருக்காதா? ஊவாவை எரித்தவர்களின் மதத்தைச் சேர்ந்த ஒருவர், கையில் மருந்தோடு வந்து குடியேறினால் உள்நோக்கம் தேடுவது இயல்பு. ரொட்ரிகோ அந்தச் சந்தேகத்தைக் குற்றமாகக் கொள்ளவில்லை. 1818இன் கொடுமைக்குக் கிறிஸ்தவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள் என்றே அவர் கருதினார். கடனைத் தீர்க்க வந்தவன் கடன் கொடுத்தவனிடம் பணிவாகத்தானே நிற்க வேண்டும்? பௌத்த பிக்குகளோடு உட்கார்ந்து பேசினார். அவர்களின் சமயத்தை அவர்கள் மதிக்கும் அளவுக்குத் தாமும் மதித்தார். நாளடைவில் பிக்குகளும் அவரது பணிகளில் கைகொடுத்தார்கள். மதம் மாற்றாத ஒரு குருவால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, புத்தள மக்கள் அவரை ஏற்றுக்கொண்டதே விடை.

1987இல் தென்னிலங்கை மறுபடி வன்முறைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஜே.வி.பி. ஆயுதக் கிளர்ச்சி, மறுபக்கம் அரச படைகளின் அடக்குமுறை. ஏழை விவசாயிகளோடும் இளைஞர்களோடும் பழகிய எவரையும் சந்தேகிக்கும் காலம். ஊரைவிட்டுப் போய்விடும்படி எச்சரிக்கைகள் வந்தன. மக்கள் இருக்கும்போது தாம் மட்டும் தப்பிப்பதை அவர் ஏற்கவில்லை. 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, அந்தச் சிறிய வீட்டில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். சான் சல்வதோரில் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ 1980 மார்ச்சில் திருப்பலிப் பீடத்திலேயே சுடப்பட்டதை அறிந்தவர்களுக்கு இரண்டு மரணங்களின் ஒற்றுமை புரியும். ரொமேரோவுக்கு 2018இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. ரொட்ரிகோவின் கொலைக்கு இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

எடுத்துக்காட்டான வாழ்வு தனிமனிதத் துறவோடு முடிவதில்லை. தன் இனமும் தன் சபையும் செய்த தவறை ஒப்புக்கொள்ளும் துணிவும் அதில் அடங்கும். 1983 ஜூலையில் பதுளை, பண்டாரவளை நகரங்களிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்தக் கலவரத்துக்குப் பின், குருநாகல் ஆங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, சிங்களக் கிறிஸ்தவர்கள் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார். அப்போது அப்படிச் சொன்ன சிங்களத் தலைவர்கள் மிகச் சிலர். அதே ஆண்டு ஒக்டோபரில் அவர் இறந்தார்.

இன்றைய நிலையில் ஊவாத் தோட்டங்களில் பழைய சபைகளோடு புதிய செபக்கூட்டங்களும் நிறைய உண்டு. குடியை விட்ட கணவன், அடி நின்ற வீடு, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிள்ளை என்று அவற்றால் விளைந்த நன்மைகளை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அரிசி மூட்டையும் கூரைத் தகரமும் கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் கூடவே இருக்கிறது; 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்ததன் பின்னணியில் அந்தக் கோபம் இருந்தது. சட்டமூலம் சிறுபான்மையினருக்கு ஆபத்தானது என்பது உண்மை. ஆனால் உதவியைத் தூண்டிலாக்குகிற ஒவ்வொரு செயலும் அந்தச் சட்டம் கேட்பவர்களின் கையைப் பலப்படுத்துகிறது. நிபந்தனையின்றிக் கொடுப்பது ஒன்றுதான் இதற்குப் பதில். ரொட்ரிகோ அதைப் புத்தளவில் ஏழு வருடம் செய்து காட்டியிருக்கிறார்.

ஆலயத்துக்குள் நிலவும் சாதிப் பாகுபாடும் சாட்சியத்தைக் குலைக்கிற வெளிவேடந்தான். ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கியவர்கள் கல்யாணப் பேச்சில் குலம் விசாரிப்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கூர்மையான ஒரு சோதனை நகரத்துச் சமையலறைகளில் இருக்கிறது. பசறை, லுணுகலை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்கள் உட்பட மலையகமெங்குமிருந்து பெண்பிள்ளைகள் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அந்த வீடுகளில் கிறிஸ்தவ வீடுகளும் உண்டு. வீட்டார் பூசைக்குப் போயிருக்க, ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லாமல் பாத்திரம் கழுவும் பிள்ளையின் கண்ணுக்குக் கிறிஸ்தவம் எப்படித் தெரியும்? வேலைக்கமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயதைச் சட்டம் 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தியது. சட்டம் வருவதற்குக் காத்திருக்கத் தேவையில்லாதவர்கள் மலைப்பிரசங்கத்தைக் கேட்டவர்கள்.

தோட்டத்துப் பிள்ளையை வேலைக்கு வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள், அவளுடைய வயது என்ன, சம்பளம் யார் கைக்குப் போகிறது, வாரத்தில் ஒரு நாளாவது அவளுக்கு ஓய்வு உண்டா என்பதை முதலில் பார்க்கட்டும். பங்குக் குருமாரும் போதகர்மாரும் வீடு சந்திக்கப் போகும்போது, முன் கூடத்தில் செபம் சொல்லி முடித்தபின் சமையலறைப் பக்கமும் சென்று இதைக் கேட்டுவிட்டு வர வேண்டும்.