ஏறாமல் இறங்குகிறவர்கள்

காலை நாலு மணிக்கே ஆல்ப்ஸ் மலைக் குடில்களில் நெற்றி விளக்குகள் எரியத் தொடங்கிவிடும். ரொட்டியும் தேநீரும் நின்றபடியே உள்ளே போகும். பேச்சு அதிகம் இருக்காது. பிரான்ஸின் சாமொனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஜெர்மாட் வரை பனியாறுகளைத் தாண்டித் தாண்டிப் போகிற ‘ஓட் ரூட்’ பாதையில், ஏப்ரல் மாதத்து வழக்கம் இது. பனிச்சறுக்குப் பலகைகளோடு 1911-ல் முதன்முதலாகக் கடக்கப்பட்ட பாதை. ஆறேழு நாள் பயணம். வெயில் உச்சிக்கு வருவதற்குள் அடுத்த குடிலில் நுழைந்துவிட வேண்டும். இரவில் இறுகிய பனி வெயிலில் இளகும். இளகினால் மேலே இருப்பது கீழே வரும்.

சரி, சறுக்குவது எப்போது? அங்கேதான் வேடிக்கை. நாலைந்து மணி நேரம் ஏறினால், இறங்குவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. வீடியோக்களில் நாம் பார்ப்பதெல்லாம் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தின் பத்து நொடிகள்.

‘பேக்கன்ட்ரி’ சறுக்கு என்பது இந்த ஏற்றத்தின் விளையாட்டு. லிஃப்ட் கிடையாது. எல்லை காட்டும் கயிறு கிடையாது. விடியும் முன் வெடி வைத்து, நிற்கிற பனியை உதிர்த்துவிட்டு ‘இனி போகலாம்’ என்று சொல்லும் ஆளும் கிடையாது. பலகையின் அடியில் ‘ஸ்கின்’ என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு, குதிகால் மட்டும் விடுபட்ட காலணியோடு, வளைந்து வளைந்து ஏற வேண்டும். அந்தப் பட்டை முன்பு கடல்நாயின் தோலாக இருந்ததால் வந்த பெயர் அது. இப்போது நைலானும் மோஹேரும். கரும்புத் தோகையை ஒரு பக்கமாக வருடினால் வழவழக்கும், எதிர்ப்பக்கமாக வருடினால் கையைக் கிழிக்கும் அல்லவா? அதே சங்கதிதான். முன்னே தள்ளினால் வழுக்கும். பின்னே சரியப் பார்த்தால் பனியைக் கவ்விக்கொள்ளும்.

உடல் நன்றாகப் பழகியவர்கள் மணிக்கு 400 மீட்டர் உயரம் ஏறுவார்கள். மெதுவான வேகம்தான். ஆனால் அந்த மெதுவில்தான் மலை பேசுகிறது. பலகை பதியும்போது ‘வும்ப்’ என்று அடிவயிற்றில் இடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தால், உள்ளே ஓர் அடுக்கு நொறுங்கி உட்கார்ந்துவிட்டது என்று பொருள். காலடியிலிருந்து கண்ணாடி விரிசல் போல ஒரு கோடு ஓடினாலும் அதே செய்திதான். காற்று எந்தப் பக்கம் பனியை அள்ளிக் குவித்திருக்கிறது, கம்பைச் செருகினால் எந்த ஆழத்தில் ‘பொசுக்’கென்று இறங்குகிறது, எதிர்ச் சரிவில் நேற்று ஏதாவது உடைந்து விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஏறுகிறவர், உச்சிக்கு வரும்போது பாதிப் பாடத்தைப் படித்து முடித்திருப்பார்.

பனிக்குள் அடுக்கு எப்படி வருகிறது? ஊட்டிக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஜனவரியில் தலைக்குந்தா புல்வெளியில் வெள்ளைத் துணி விரித்த மாதிரி உறைபனி படிகிறதே, மேகமில்லாத இரவில் காற்றின் ஈரம் நேரே படிகமாக மாறுகிற அதே வேலை, பனிமலையின் மேற்பரப்பிலும் நடக்கிறது. இறகு இறகாக, விடிகாலை வெளிச்சத்தில் மின்னுகிற படிகங்கள். பார்க்க அவ்வளவு அழகு. அதன் மேல் புதுப்பனி ஒரு மீட்டர் விழுந்தால், சீட்டுக்கட்டை நிறுத்தி வைத்து அதன் மேல் அம்மியை ஏற்றிய கதை. ஒரு மனிதரின் எடை போதும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவாக இருந்தால் மொத்தப் பாளமும் கழன்றுகொள்ளும். பனிச்சரிவில் சிக்கும் சறுக்கு வீரர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, அந்தப் பனிச்சரிவைக் கிளப்பியவர் அவரேதான். இல்லாவிட்டால் கூட வந்தவர்.

2012 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டன்னல் கிரீக் என்ற இடத்தில் நடந்ததும் இதுதான். பிப்ரவரி தொடக்கத்தின் தெளிந்த இரவுகளில் உறைபனி படிந்திருந்தது. பிறகு புயல் வந்து முக்கால் மீட்டருக்கும் மேல் புதுப்பனியைக் கொட்டிவிட்டுப் போனது. அன்று காலை அங்கே கூடியவர்கள் 16 பேர். கற்றுக்குட்டிகள் அல்ல, தொழில்முறை வீரர்கள், சறுக்குப் பத்திரிகைக்காரர்கள், அந்த மலையை வீட்டுக் கொல்லை போல அறிந்த உள்ளூர்க்காரர்கள். அவர்கள் லிஃப்டில் ஏறினார்கள். லிஃப்ட் முடிகிற இடத்திலிருந்து சில நிமிட நடைதான். எல்லையைத் தாண்டினார்கள். மூன்று பேர் இறந்தார்கள். அடித்துச் செல்லப்பட்ட ஒரு பெண், முதுகுப்பையில் இருந்த காற்றுப்பையை இழுத்துவிட்டதால் பிழைத்தார்.

பிழைத்தவர்கள் பிற்பாடு சொன்னதுதான் மனதைப் பிசைகிறது. பலருக்கு உள்ளூரச் சந்தேகம் இருந்திருக்கிறது. ‘இத்தனை பேர், அதுவும் இத்தனை தெரிந்தவர்கள் இருக்கும்போது நாம் என்ன சொல்வது’ என்று ஆளாளுக்கு வாயை மூடிக்கொண்டார்கள். அமெரிக்காவில் 700-க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை அலசிய ஓர் ஆய்வும் இதைத்தான் காட்டியது: பயிற்சி பெற்றவர்களும் சிக்குகிறார்கள், அதிலும் பழகிய சரிவில்தான் அதிகம் சிக்குகிறார்கள்.

மூன்று மணி நேரம் சேர்ந்து ஏறியிருந்தால் யாராவது ஒருவர் நின்று மூச்சு வாங்கும் சாக்கில் வாயைத் திறந்திருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது. லிஃப்ட் அந்த மூன்று மணி நேரத்தைத் தின்றுவிடுகிறது.

இந்தக் கவலையோடு காஷ்மீரின் குல்மார்க்குக்கு வந்தால் வயிறு கலங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,650 மீட்டரில் ஊர். ‘கொண்டோலா’ ரோப் காரின் முதல் கட்டம் கோங்டூரி வரை. 2005-ல் திறந்த இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலைத் தோளில் 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடுகிறது. ஸ்கின் ஒட்டி ஏறினால் அரை நாள் பிடிக்கிற 1,300 மீட்டர் உயரம், பெட்டிக்குள் உட்கார்ந்தால் அரை மணிக்குள். அதே பெட்டியில் தேனிலவு ஜோடி ஒன்று வாடகைக் கோட்டும் ரப்பர் பூட்டுமாக செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும். இறங்குமிடத்துக்கு நேர் கீழே உள்ள கிண்ணச் சரிவை ஸ்கீ பேட்ரோல் பார்த்துக்கொள்கிறது; அன்றைய அபாய அளவையும் அறிவிக்கிறது. தோளோடு இரண்டு பக்கமும் போனால் முழுக்கக் காட்டு மலை. பாபா ரேஷி வரை, தங்மார்க் வரை தேவதாருக் காடுகளுக்குள் இறங்கிப் போகலாம். உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவது இதற்குத்தான்.

2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வட் சரிவில் போலந்து நாட்டவர் இரண்டு பேர் பனிக்கடியில் இறந்தார்கள். 19 வெளிநாட்டவர் மீட்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு அதே மாதம் ரஷ்யர் ஒருவர். அந்த 2024 ஜனவரியில் குல்மார்க் புல் தெரியக் கிடந்ததை நாளிதழ்களில் படமாகப் பார்த்திருப்போம். சில்லாய் கலான் என்று காஷ்மீரிகள் சொல்லும் நாற்பது நாள் கடுங்குளிரிலேயே பனி இல்லை. மெல்லிய பனி நெடுநாள் கிடந்தால் அடியில் சர்க்கரை மணி போல உதிரியாகிவிடும். அதன் மேல் ஒரே மூச்சில் கொட்டுகிற பெரும்பனி நிலைகொள்ளாது. பருவம் தப்பத் தப்ப, ஏறிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை கூடிக்கொண்டே போகின்றன. ரோப் காரோ அந்த ஏற்றத்தையே இல்லாமல் செய்துவிடுகிறது.

ரோப் கார் இல்லாவிட்டால் தங்மார்க் இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலையே இருக்காது என்று சொல்பவர்கள் உண்டு. அதுவும் உண்மைதான்.

கருவிகள் இருக்கின்றனவே என்பார்கள். மார்பில் கட்டிய ‘பீக்கன்’ என்ற சமிக்ஞைக் கருவி 457 கிலோஹெர்ட்ஸில் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பை வைத்து, கூட வந்தவர்கள் புதைந்தவரைத் தேடலாம். பையில் துழாவுகோலும் அலுமினிய மண்வாரியும். கணக்கு மட்டும் கொடுமையானது. முழுக்கப் புதைந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் முதல் பதினைந்து நிமிடம் வரை உயிரோடு இருக்கிறார்கள். 35 நிமிடத்தில் மூன்றில் ஒருவர்தான் மிஞ்சுகிறார். சரிந்து நின்ற பனி சிமென்ட் மாதிரி இறுகியிருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் வாரிப் போட வேண்டியிருக்கும். மீட்புப் படை வரும்வரை காத்திருக்க நேரமில்லை. பக்கத்தில் நிற்கிறவர்தான் படை.

சுவிட்சர்லாந்தில் டாவோஸ் ஆய்வு நிலையம் குளிர்காலம் முழுக்கத் தினமும் மாலை ஐந்து மணிக்கு அபாய அறிக்கை வெளியிடுகிறது. ஒன்று முதல் ஐந்து வரை அளவு. ஐந்தில் யாரும் வெளியே போவதில்லை. அதிகம் பேர் சாவது மூன்றில். வானம் நீலமாக இருக்கும், புதுப்பனி பளபளக்கும், மூன்று என்பது பரீட்சையில் பாஸ் மார்க் போலக் கண்ணுக்குத் தெரியும்.

பழைய ஆட்கள் அந்த மூன்றைப் பார்த்ததும் வரைபடத்தை எடுத்து, 30 டிகிரிக்கு மேல் உள்ள சரிவுகளையெல்லாம் அன்றைக்கு அடித்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது சாதுவான காட்டுப்பாதையாகத்தான் இருக்கும். ஏறும் வழியில் ‘வும்ப்’ கேட்டால் அதுவும் இல்லை. உச்சிக்கு நூறு மீட்டர் கீழே நின்று, பலகையிலிருந்து ஸ்கின்னை உரித்து, பசை குளிர்ந்துவிடாமல் மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஏறி வந்த தடத்திலேயே திரும்புகிறார்கள். குடிலுக்கு வந்து சூப் கேட்கும்போது மணி பத்துகூட ஆகியிருக்காது.