கண்டி அரண்மனைக் கலைப்பொருள்கள்: உழைப்பு நோக்கில் ஒரு குறிப்பு

கண்டித் தலதா மாளிகைக்கு அருகிலுள்ள தேசிய நூதனசாலை, பல்லே வாகல எனப்படும் அரண்மனைப் பகுதியில் அமைந்துள்ளது. மன்னனின் அந்தப்புரப் பெண்டிர் வாழ்ந்த இடம் அது. 1815 மார்ச் 2ஆம் நாள், அண்மையிலுள்ள அரசவை மண்டபத்தில் அறிவிக்கப்பெற்ற ஒப்பந்தத்தால் இராச்சியம் பிரித்தானியர் கைக்கு மாறிற்று. சிறைப்பட்ட ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். 1942இல் அந்தப்புரம் நூதனசாலையாயிற்று.

1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நால்வரும், தென்னகத்திலிருந்து மணவுறவின் வழி வந்த நாயக்க மரபினர். இதனால், அங்கு செல்லும் தமிழர் சிலர் 'நம்மவர் ஆட்சி' எனப் பெருமிதங் கொள்வதையும், சிங்களப் பேரினவாதிகள் 'அந்நியர் ஆட்சி' எனச் சினங் கொள்வதையும் காண்கிறோம். இரு சாராரும் எழுப்புவது ஒரே வினாவே: அரியணையில் அமர்ந்தவர் யார்? நாம் எழுப்பவேண்டிய வினா வேறு. இத்தந்தச் சீப்பையும் பித்தளை விளக்கையும் சுண்ணாம்புச் சிமிழையும் ஆக்கியவர் யார்?

கண்டியின் கைவினைஞர் சந்தைக்கெனப் பொருள் செய்தவரல்லர். தாம் பெற்ற நிலத்துக்கு ஈடாக, சாதிவழி வந்த சேவையாக அரசுக்கும் கோயிலுக்கும் உழைத்தனர். அரண்மனைக்கென இயங்கிய தொழிற்கூடங்கள் 'பட்டல்' எனப்பட்டன. நமது 'பட்டறை' என்னும் சொல்லுக்கு ஒலியிலும் பொருளிலும் அது நெருங்கியது. அவர்களுள் தேவேந்திர மூலாச்சாரி போன்ற மிகச் சிலரின் பெயரே நிலைத்துள்ளது. தலதா மாளிகையின் எண்கோண மண்டபம் அவரது ஆக்கமெனப் போற்றப்படுகிறது. ஆயின், எதிரே விரியும் ஏரியைக் கட்டாய உழைப்பால் அகழ்ந்த குடியானவரின் பெயர்களை எவரும் அறியார்.

அரசு வீழ்ந்ததும் புரவலர் மறைந்தனர். 1830களின் தொடக்கத்தில், கோல்புறூக் சீர்திருத்தங்களின்போது இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு நீங்கியமை முற்போக்கானதே. எனினும், அது கூலியுழைப்புக்கும் முதலாளித்துவத்துக்கும் வழிசமைக்கும் நோக்குடன் செய்யப்பட்டது என்பதை மறத்தலாகாது. ஆலைப் பொருள்களின் வருகையால் கைவினை நலிந்தது. நலிந்தபின் அதைக் காக்க 1882இல் கண்டிக் கலைச் சங்கம் தோன்றிற்று. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை', கலையை உழைப்பு முறையோடு இணைத்து நோக்கியமையால் இன்றும் பயன்மிக்கது. ஆயினும், கைத்தொழில் அழிவைக் கண்டு வருந்திய அவர், அக்கலையைத் தாங்கிநின்ற சாதிப் படிநிலையை இலட்சியமயப்படுத்தினார். அவ்விடத்தில் நாம் அவரிடமிருந்து வேறுபடுகிறோம்.

நூதனசாலையை விட்டு வெளியே வந்து மலைகளை நோக்குவோம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தின் துணையோடு காடுகள் கோப்பித் தோட்டங்களாயின; பின்னர் தேயிலை வந்தது. அவற்றை உருவாக்கத் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட உழைப்பாளரின் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையற்றவராயினர். தெற்கிலிருந்து வந்த மன்னரின் உடைமைகளைக் காணச் செல்லும் நாம், அதே தெற்கிலிருந்து வந்த இம்மக்களின் கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் வரலாற்றுச் சான்றுகளே என்பதை உணர்தல் வேண்டும். அவ்வுணர்வு இல்லாதவிடத்து, கலைச்சுவை என்பது வெறும் அரண்மனை வழிபாடாகவே எஞ்சும்.