குறும்பு அன்று, டிக்: வீட்டிலிருந்தே பழகத்தக்க ஒரு சிகிச்சை

ஓயாமல் கண் சிமிட்டும் பிள்ளையைப் பெற்றோர் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர், கண்ணில் குறையில்லை. இடைவிடாது தொண்டையைச் செருமும் பிள்ளைக்குச் சளி மருந்து கொடுக்கின்றனர், செருமல் நிற்பதில்லை. தோளைக் குலுக்குவதும் கழுத்தை வெட்டி இழுப்பதும் வகுப்பறையில் குறும்பாகக் கருதப்பட்டுத் தண்டனையில் முடிகின்றன. திருஷ்டி கழித்துப் பார்ப்போரும் உண்டு. இவ்வாறு மாதங்கள் பல கடந்த பின்னரே, இவை ‘டிக்’ எனப்படும் அசைவுகள் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியவருகிறது.

டிக் என்பது யாது?

திடீரெனத் தோன்றி, ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது ஒலியே டிக். இது பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தொடங்கி, 10 முதல் 12 வயதளவில் உச்சம் பெற்று, பதின்பருவத்தின் இறுதியில் பலருக்குத் தணிந்துவிடுகிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. ஒரு வாரம் மிகும், மறுவாரம் குறையும், ஓர் அசைவு மறைந்து வேறொன்று தலைகாட்டும். பல அசைவுகளும் குறைந்தது ஓர் ஒலியும் ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அதனை டூரெட் நோய்க்குறி என்கிறோம். 1885-ஆம் ஆண்டில் இதனை விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. மூளையில் அசைவுகளை நெறிப்படுத்தும் நரம்புச் சுற்றுகளின் செயல்பாட்டு வேறுபாடே இதன் அடிப்படை. வளர்ப்பில் நேர்ந்த குறையால் இது வருவதில்லை.

“எங்கள் முன்னே செய்கிறான், மருத்துவரைக் கண்டதும் நிறுத்திவிடுகிறான். வேண்டுமென்றுதானே செய்கிறான்?” என்று பெற்றோர் எங்களிடம் கேட்பதுண்டு. தும்மலை நாம் சிறிது நேரம் அடக்கிக்கொள்வதில்லையா? அதுபோலவே டிக்கையும் சற்று நேரம் அடக்க இயலும். அடக்க முடிவதனால் அது விருப்பத்துடன் செய்யப்படுவதாகாது. எனினும், அவ்வாறு சற்றே அடக்க முடிகிறது என்பதுதான் இச்சிகிச்சையின் அடித்தளம்.

பயிற்சியின் இயல்பு

டிக் வருவதற்குச் சற்று முன்னர், அந்த இடத்தில் ஒரு நமைச்சலோ இறுக்கமோ எழுவதைப் பல பிள்ளைகள் உணர்கின்றனர். அசைவு நிகழ்ந்ததும் அவ்வுணர்வு தணிகிறது. இந்த முன்னுணர்வைக் கையாளக் கற்பிப்பதே பயிற்சியாகும். இதில் இரு முறைகள் உள்ளன.

முதலாவது, பழக்க மாற்றுப் பயிற்சி. 1973-இல் அமெரிக்க உளவியலாளர்கள் அஸ்ரினும் நன்னும் இதனை வகுத்தளித்தனர். முன்னுணர்வு எழுந்தவுடன், டிக்குக்கு இடந்தராத மாற்றுச் செயலொன்றைப் பிள்ளை செய்ய வேண்டும். கழுத்தை வெட்டும் பிள்ளை, முகவாயைச் சற்றுத் தாழ்த்திக் கழுத்துத் தசைகளை மென்மையாக இறுக்கிக்கொள்ளலாம். செருமும் பிள்ளை மூக்கின் வழியே மெதுவாகவும் சீராகவும் மூச்சு விடலாம். ஏறத்தாழ ஒரு நிமிடம், அல்லது உந்துதல் தணியும் வரை இதனைத் தொடர வேண்டும்.

இரண்டாவது முறையில், எல்லா டிக்குகளையும் ஒருசேரத் தாங்கிப் பழகுகின்றனர். கடிகாரத்தைப் பார்த்து, சில நொடிகளில் தொடங்கி, நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்கின்றனர். அடக்கினால் பின்னர் இருமடங்காகப் பீறிடும் என்ற அச்சம் பரவலாக இருப்பினும், ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை.

இணையவழியில் கற்ற பிள்ளைகள்

இரண்டாவது முறையை இணையவழியில் கற்பிக்கும் திட்டம் ஒன்று சுவீடனில் உருவானது. அதனைத் தழுவி இங்கிலாந்தில் நடந்த ‘ஆர்பிட்’ ஆய்வின் முடிவுகள் 2021-இல் வெளியாயின. 9 முதல் 17 வயது வரையிலான 224 பிள்ளைகள் அதில் பங்கேற்றனர். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தனித்தனிப் பாடங்கள் இருந்தன. சிகிச்சையாளர் செய்திகள் வழியே துணை நின்றார். மூன்று மாத முடிவில், பயிற்சி பெற்றோரிடம் டிக்கின் கடுமை 16 விழுக்காடு குறைந்தது. டிக் பற்றிய விளக்கங்களை மட்டும் பெற்றோரிடம் 6 விழுக்காடே குறைந்தது. சுவீடனில் நடந்த ஆய்வில் இரு குழுவினருக்குமே டிக் குறைந்தது. கடுமை அளவீட்டில் இரண்டுக்கும் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. எனவே இது டிக்கை அறவே நீக்கும் மருந்தன்று. பிள்ளைக்குத் தன் உடல்மீது ஓரளவு பிடிமானம் தரும் பயிற்சி என்றே கொள்ளுதல் வேண்டும்.

இப்பகுதிக் குடும்பங்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. ஓசூரிலிருந்து பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனை தொலைவில் இல்லை. ஓசூர் சாலையிலேயே அமைந்துள்ளது. ஆயினும் சிப்காட்டில் ஷிப்டு முறையில் பணிபுரியும் பெற்றோர், அத்திப்பள்ளி நெரிசலைக் கடந்து வாரந்தோறும் செல்வதென்றால் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் ஊதியத்தை இழக்க நேரும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர்க்கோ பயணம் இன்னும் நீண்டது. சிகிச்சையின் பெரும்பகுதி மருத்துவரின் அறையில் அன்றி, வீட்டில் நாள்தோறும் பழகுவதில்தான் உள்ளது என்பதை மேற்கண்ட ஆய்வுகள் உணர்த்துகின்றன. நோயை உறுதிசெய்ய நேரில் வருதல் இன்றியமையாதது. அதன்பின் தொலைபேசி, காணொளி வழியாகவும் பயிற்சியைத் தொடர இயலும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• ஒரே நேரத்தில் ஒரு டிக்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். பிள்ளைக்கு மிகுந்த தொல்லை தருவது எதுவெனப் பிள்ளையையே கேளுங்கள்.
• நாள்தோறும் ஒரே வேளையில் 15 நிமிடம் பழகுங்கள். இரவு ஷிப்டு உள்ள வாரத்தில் யார் உடனிருப்பார் என்பதை முன்னரே முடிவு செய்யுங்கள்.
• வீட்டில் பேசுவது தமிழாயினும் தெலுங்காயினும் கன்னடமாயினும், அம்மொழியிலேயே விளக்குங்கள்.
• முயற்சியைப் பாராட்டுங்கள். டிக் வந்தால் அதைப் பற்றிப் பேசாதிருங்கள். “நிறுத்து” என்னும் அதட்டல் பயிற்சியாகாது, மனஇறுக்கத்தையே கூட்டும்.
• டிக்கைக் காரணம் காட்டி வீட்டுப்பாடத்திலிருந்து விலக்களிக்க வேண்டாம்.
• வகுப்பாசிரியரைச் சந்தித்து நிலைமையை விளக்குங்கள். தண்டனை நின்றாலே பல பிள்ளைகளின் சுமை பாதி குறையும்.

மருத்துவரை உடனே காண வேண்டிய தருணங்கள்

அசைவின்போது நினைவு தப்பினாலோ, அசைவால் உடலில் காயமோ வலியோ ஏற்பட்டாலோ, வளர்ந்த பிள்ளைக்குத் திடீரெனக் கடுமையாகத் தொடங்கினாலோ காலந்தாழ்த்த வேண்டாம். கவனக்குறைவு, எண்ணச் சுழற்சி, பதற்றம் ஆகியன டிக்குடன் சேர்ந்து வருவதுண்டு. சில வேளைகளில் அவற்றுக்கே முதற்சிகிச்சை தேவைப்படும். மருத்துவரைக் கேளாமல் மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

நேரில் வர இயலாதோர் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். வரும்போது, வீட்டில் எடுத்த ஓரிரு நிமிடக் கைப்பேசிக் காணொளியைக் கொண்டுவாருங்கள். மருத்துவர் முன் பிள்ளை அடக்கிக்கொண்டாலும், உண்மை நிலையை அறிய அது எங்களுக்குப் பெரிதும் உதவும்.